படகுத்துறைத் தூணில் ஒரு பாடம்

பள்ளி விடுமுறையில் எங்கே போகலாம் என்று யோசிக்கிறீர்களா? ஃபேரர் பார்க்கிலிருந்து ரயிலில் தானா மேரா சென்று, 2-ஆம் எண் பேருந்தில் ஏறி சாங்கி கிராமத்தில் இறங்குங்கள். 12 பேர் சேர்ந்ததும் மோட்டார் படகு கிளம்பும். கால் மணி நேரத்தில் புலாவ் உபின் வந்துவிடும்.

வாடகை சைக்கிளும் இளநீருமாக இன்று விடுமுறைக்காரர்களை வரவேற்கும் இந்தச் சிற்றூர், ஒரு காலத்தில் கல்லை நம்பிப் பிழைத்தது. 1851-இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கான கருங்கல் இந்தத் தீவிலிருந்துதான் கடல் வழியே போனது. கடைசிக் குவாரி 1999-இல் மூடப்பட்டது.

படகை விட்டு இறங்கியதும் சைக்கிள் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் படகுத்துறையின் தூண்களைப் பாருங்கள். கடல்நீர் வற்றியிருக்கும் நேரமானால் இன்னும் நல்லது. நம் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. சில நாள்களில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 3 மீட்டர். அதனால் தூணில் மாடி வீடுபோல உயிர்கள் அடுக்கடுக்காகக் குடியிருக்கும். மேலே கொட்டலசு, அதற்குக் கீழே சிப்பி, எப்போதும் நனைந்திருக்கும் அடிப்பகுதியில் கடற்பஞ்சு.

கொட்டலசு கல்லைப் போலத் தெரிந்தாலும் இறால், நண்டின் உறவுதான். தலைகீழாக ஒட்டிக்கொண்டு, கால்களால் உணவை வாரித் தின்னும் விசித்திரப் பிராணி. நீர் வற்றினால் ஓட்டின் கதவை இறுக மூடி, உள்ளே ஈரத்தைக் காத்துக்கொள்ளும்.

சரி, வெயில் காயும் மேல் மாடி அதற்கு எதற்கு? கீழே குளிர்ச்சியாக வாழக்கூடாதா? ஜோசப் கானெல் என்ற ஆய்வாளர் ஸ்காட்லாந்துக் கடற்கரைப் பாறைகளில் இதே கேள்வியைக் கேட்டார். பாறையின் மேற்பகுதியில் சிறிய இனக் கொட்டலசு, கீழே பெரிய இனம். பெரியவற்றைச் சுரண்டி எடுத்த இடங்களில் சிறியவை கீழேயும் நன்றாகவே வாழ்ந்தன! பெரியவை நெருக்கித் தள்ளியதால்தான் அவற்றால் அங்கே பிழைக்க முடியவில்லை. பெரியவற்றுக்கோ மேலே உள்ள வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. 1961-இல் வெளியான இந்த ஆய்வை இன்றும் பாடநூல்களில் காணலாம்.

கதவு இருப்பது எவ்வளவு பெரிய வரம் என்பதைத் தீவின் கிழக்கு முனையான செக் ஜாவா காட்டியது. அந்தக் கடற்கரையைத் தூர்க்கும் திட்டம் 2001 டிசம்பரில் ஒத்திவைக்கப்பட்டதால் தப்பியது. ஆனால் 2006-ஆம் ஆண்டின் கடைசியிலும் 2007-இன் தொடக்கத்திலும் ஜொகூரில் கடும் வெள்ளம். ஆற்று நீர் கலந்து கடலின் உப்பு குறைந்தது. சவ்வூடுபரவல் படித்திருப்பீர்களே? வெளியே உப்பு குறைந்தால் நீர் உடலுக்குள் புகும், உயிரணுக்கள் வீங்கும். மூட ஒரு கதவில்லாத கடற்பஞ்சு, கடற்சாமந்தி, நட்சத்திர மீன் எல்லாம் பெருமளவில் மடிந்தன.

அடுத்து வந்த ஆண்டுகளில், நீரோட்டத்தில் மிதந்து வரும் இளம் உயிரிகளால் அந்தக் கரையில் மீண்டும் உயிர்கள் பெருகின.

போகும் நாளின் ஓத அட்டவணையை முன்பே பார்த்துவிடுங்கள். அரை மீட்டருக்குக் கீழே நீர் இறங்கும் பகல் நேரம் கிடைத்தால், அன்றே கிளம்பலாம். தூணில் கை வைக்காதீர்கள். சிப்பி ஓடு கத்தியாய்க் கிழிக்கும்.