கோடை வீடு தந்த அடைக்கலம்

ஒரு தேசத்தின் பெருமையைத் தலைநகரத்து மாளிகைகளில் தேடுவதே நமது வழக்கம். சில சமயம் அது ஒரு சிற்றூரில் ஒதுங்கியிருக்கும். செக் நாட்டிலுள்ள வ்ஷெனோரி அத்தகைய ஊர்.

பிராஹா நகருக்குத் தென்மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், பெரோவுன்கா நதிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது இக்கிராமம். 1862-ஆம் ஆண்டில் இப்பள்ளத்தாக்கின் வழியே ரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் பிராஹாவாசிகள் இங்கே கோடைவாசம் செய்ய வந்தனர். செல்வர்கள் அழகிய பங்களாக்கள் கட்டிக்கொண்டனர். மற்றோர் குடியானவர் வீடுகளில் அறைகளை வாடகைக்கு எடுத்தனர். தாயும் குழந்தைகளும் நதியில் நீராடி, வனத்தில் உலாவிக் காலம் போக்குவர். தகப்பனார் ரயிலேறி நகரத்துக்கு உத்தியோகம் பார்க்கச் சென்று திரும்புவார். கோடை கழிந்ததும் ஊர் வெறிச்சோடிவிடும்.

1918-ல் செக்கோஸ்லோவாக்கியா சுதந்திரம் பெற்றது. அச்சமயம் ருஷ்யாவில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. லட்சக்கணக்கானோர் நாடிழந்து வெளியேறினர். தானே புதிதாய்ப் பிறந்த அச்சிறு குடியரசு, தலைவர் மஸாரிக்கின் ஆதரவுடன், 1921 முதல் அகதி மாணவர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் உபகாரச் சம்பளம் அளித்தது. நகரத்து வாடகை கொடுக்க இயலாத பலர் ரயில் பாதையோரத்துக் கோடைக் கிராமங்களை நாடினர். உல்லாசத்துக்கென எழுந்த வீடுகள் அவர்களுக்குக் குளிர்காலத்திலும் புகலிடமாயின.

அவ்வாறு வந்தவர்களில் ஒருவர் மரீனா ஸ்வெதாயெவா என்னும் ருஷ்யக் கவியரசி. 1922-ல் செக் நாட்டை அடைந்தார். கணவர் பிராஹா சர்வகலாசாலையில் மாணவர். அக்கம்பக்கத்துக் கிராமங்களில் வசித்தபின் 1924-ல் வ்ஷெனோரிக்குக் குடிவந்தார். விறகு பொறுக்குவதும் துணி துவைப்பதுமான வாழ்வுக்கிடையே கவிதையும் வளர்ந்தது. 1925 பிப்ரவரி 1-ஆம் தேதி அவருக்கு இங்கேதான் ஆண் குழந்தை பிறந்தது. அவ்வாண்டு இறுதியில் பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தார்.

1938-ல் மியூனிச்சில் வல்லரசுகள் கூடிச் செக் நாட்டின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்குத் தாரைவார்த்தன. 1939 மார்ச்சு 15-ல் ஜெர்மன் சேனை பிராஹாவில் புகுந்தது. அப்போது பாரிஸில் வறுமையில் வாடிய ஸ்வெதாயெவா, தமக்கு நிழல் தந்த நாட்டுக்காகக் கொதித்தெழுந்து ஒரு கவிதைத் தொகுதியே பாடினார். அவ்வாண்டே ருஷ்யா திரும்பிய அவர், 1941-ல் துன்பம் தாளாமல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்தக் கோடைவாச காலம் மறைந்துவிட்டது. பல குடும்பங்கள் இங்கே ஆண்டு முழுவதும் குடியிருந்து பிராஹாவுக்கு வேலைக்குச் சென்று வருகின்றன. சிறிய நாடு செய்த உதவி சிறியதன்று. பெற்றவர் அதை மறக்கவுமில்லை. சுதந்திரத்தின் முதற் பயனைப் பிறருடன் பங்கிட்டுக்கொண்ட ஜனங்கள் வாழ்ந்த இடம் என்பதாலேயே இச்சிற்றூரை நாம் நினைவில் வைப்பது தகும்.