கம்பியூட்டர் இயங்காவிட்டால் கடன் கணக்கு என்னாவது?

காலையில் கடையைத் திறந்து பிஸ்மில்லாஹ் சொல்லி கம்பியூட்டரின் பட்டனை அழுத்துகிறீர்கள். சத்தமுமில்லை, வெளிச்சமுமில்லை. முன்னால் வாடிக்கையாளர் பில்லுக்காக நிற்கிறார். வியாபாரிக்கு இது பெரும் சோதனைதான்.

சென்ற ரமழானில் எமது கடையிலும் இது நடந்தது. ஸகாத் கணக்குப் பார்க்கும் நாட்கள். வரவேண்டிய கடன் முழுவதும் அந்தப் பெட்டிக்குள். பார்க்க வந்தவர் பத்து நிமிடத்தில், "மதர்போர்ட் முடிந்துவிட்டது. புதிதாக எடுங்கள், பழையதை நானே ஒரு விலைக்கு எடுக்கிறேன்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். அவர் போன பின்னர் கடைப் பையன் யூபீஎஸ்ஸைக் கழற்றிவிட்டு நேரடியாகச் சுவரில் செருகினான். கம்பியூட்டர் இயங்கியது. பழுதானது யூபீஎஸ்ஸின் பெட்டரி மாத்திரமே! காசு நட்டம் ஒருபுறமிருக்க, எத்தனையோ பேரின் கடன் விபரங்களைப் பெட்டியோடு சேர்த்து விற்கப் பார்த்தேனே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே சகோதரர்களே, யாரையும் அழைக்க முன்னர் சுவரிலிருந்து பெட்டி வரை ஒழுங்காகப் பாருங்கள்.

சுவரில் பாருங்கள்

முதலில் அதே சொக்கட்டில் மேசை விளக்கொன்றைச் செருகிப் பாருங்கள். எரியாவிட்டால் பழுது கம்பியூட்டரில் அல்ல. ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கலாம். உருண்டை முள் ப்ளக்கை சதுரத் துளை சொக்கட்டில் பலவந்தமாகச் செருகும் பழக்கம் நம் கடைகளில் இன்னும் உண்டு. அது ஆட்டம் கண்டு தொடர்பு விட்டுப் போகும், சூடேறித் தீயும் பிடிக்கலாம்.

அடுத்து யூபீஎஸ், மல்டி ப்ளக் இரண்டையும் ஒதுக்கிவிட்டு நேரடியாகச் செருகுங்கள். யூபீஎஸ் பெட்டரி பொதுவாக மூன்று வருடமளவில் தளர்ந்துவிடும். மின்வயரையும் மாற்றிப் பாருங்கள். மொனிட்டரின் வயர் அநேகமாக இதற்கும் பொருந்தும்.

பெட்டியின் பின்புறம்

பின்னால் பவர் சப்ளையில் சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். துப்புரவு செய்யும்போது கைபட்டு அணைந்திருக்கலாம். சில பழைய பெட்டிகளில் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் ஒன்றும் உண்டு. நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அதை 115க்கு மாற்றிவிட்டால் பவர் சப்ளை எரிந்துவிடும்.

எல்லாம் சரியென்றால் வயரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 15 செக்கன் அளவு அழுத்திப் பிடியுங்கள். உள்ளே எஞ்சிய மின்சாரம் இறங்கிவிடும். பின்னர் செருகிப் பாருங்கள். பல தடவை இதுவே போதும்.

விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறதென்றால் அது வேறு நோய். மொனிட்டர் வயரைப் பாருங்கள். பீப் சத்தம் கேட்டால் பெரும்பாலும் ரெம் கார்ட் சரியாக அமரவில்லை. மின்வயரைக் கழற்றிய பின்னரே அதை எடுத்து மீண்டும் பொருத்த வேண்டும்.

கருகிய வாடை வந்தால் மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டாம். பவர் சப்ளைப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பின்னரும் அதற்குள் ஷொக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

கரண்ட் வரும் நேரம்

2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றதையும் மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் போகும்போதை விட அது திரும்பி வரும்போதே பவர் சப்ளைகள் அடிபடுகின்றன. கரண்ட் போனவுடன் ப்ளக்கைக் கழற்றுங்கள். வந்து சில நிமிடங்கள் கழித்தே போடுங்கள்.

கணக்கு ஓர் அமானிதம்

பவர் சப்ளை போனாலும் மதர்போர்ட் போனாலும் கணக்கு இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். பெரும்பாலும் அது தப்பியிருக்கும். திருத்துபவரிடம், "முதலில் கணக்கைப் பிரதி எடுங்கள், என்னிடம் கேட்காமல் ஃபோர்மட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். பழைய பெட்டியை விற்பதானால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு சூரா பகராவின் 282ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. எழுதினால் மாத்திரம் போதாது, எழுதியதைப் பாதுகாக்கவும் வேண்டும். தினமும் கடை மூட முன்னர் கணக்கை பென் டிரைவில் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். வாரத்துக்கு ஒருமுறை கடன் பட்டியலைத் தாளில் அச்செடுங்கள். பெட்டி பழுதானால் இன்னொன்று வாங்கலாம். கடன் கணக்கு தொலைந்தால், கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான நம்பிக்கையே தொலைந்துவிடும்.

அல்லாஹ் நமது வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.