கார் ஷெட்டில் மாதிரி ரயில் அமைப்பு

கார் நிறுத்தும் ஷெட்டின் ஒரு பகுதியில், காருக்கு இடையூறு இல்லாமல் சிறிய அளவிலான ரயில் பாதை, நிலையம், நிலக்காட்சி ஆகியவற்றை நிலையாக நிறுவும் முறையே கார் ஷெட்டில் மாதிரி ரயில் அமைப்பு எனப்படுகிறது. மாதிரி ரயில் அமைப்புக்கென்று தனி அறை ஒதுக்க முடியாத வீடுகளில் இம்முறை பயன்படுகிறது. தினமும் காரை எடுக்கவும் நிறுத்தவும் தடையாக இருக்கும் அமைப்பு நெடுநாள் நிலைப்பதில்லை. ஆகவே காருக்குத் தேவையான இடத்தை முதலில் ஒதுக்கி, எஞ்சியதில் ரயிலைத் திட்டமிடுவதே இதன் அடிப்படை விதி.

முன்னோடிகள்

வேறு பயனுக்கான இடத்தை மாதிரி ரயில் பகிர்ந்துகொள்வது புதிதன்று. குவாலியர் ஜெய்விலாஸ் அரண்மனையில் விருந்து மேசையின் மீதே தண்டவாளம் பதித்து, விருந்தினருக்கு மதுவும் சுருட்டும் கொண்டு செல்லும் வெள்ளி ரயில் ஓடியது. இதற்கு மாறாக, தனிக் கட்டடத்தில் அமைந்த இந்திய எடுத்துக்காட்டு புனேயின் ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம். இது 1998-இல் தொடங்கப்பட்டது.

அளவுவிகிதம்

எஞ்சும் இடமே அளவுவிகிதத்தைத் தீர்மானிக்கிறது. உலகில் மிகுதியாகப் புழங்குவது எச்ஓ அளவு (1:87). இதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அடுத்தது என் அளவு (1:160). இதன் இடைவெளி 9 மி.மீ.

ஏறத்தாழ 21.3 மீட்டர் நீளமுள்ள ஐ.சி.எஃப். பயணிகள் பெட்டி, எச்ஓ அளவில் 245 மி.மீ. நீளமும் என் அளவில் 133 மி.மீ. நீளமும் கொண்டிருக்கும். 5 மீட்டர் நீளமுள்ள பலகை எச்ஓ அளவில் 435 மீட்டர் உண்மைத் தூரத்தையும், என் அளவில் 800 மீட்டர் தூரத்தையும் குறிக்கும். 24 பெட்டிகள் கொண்ட முழு விரைவு ரயிலின் நீளம் 500 மீட்டரைத் தாண்டும். எனவே எச்ஓ அளவில் நான்கைந்து பெட்டிகள் கொண்ட பயணிகள் ரயிலே பொருந்தும்.

வளைவும் இடத்தைக் கட்டுப்படுத்தும். நீளமான பெட்டிகள் எச்ஓ அளவில் சீராகத் திரும்ப ஏறத்தாழ 600 மி.மீ. ஆரம் தேவை. ரயில் முழுவதும் திரும்பி வர, விளிம்பு இடம் சேர்த்து 1.3 மீட்டர் அகலமான பலகை வேண்டும். என் அளவில் 300 மி.மீ. ஆரம் போதும்.

இட ஒதுக்கீடு

3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் உள்ள ஷெட்டில் ஓர் அம்பாசடர் கார் நிற்பதாகக் கொள்ளலாம். அதன் நீளம் சுமார் 4.3 மீட்டர், அகலம் 1.66 மீட்டர், உயரம் 1.6 மீட்டர். இந்தியாவில் ஓட்டுநர் இருக்கை வலப்புறம் இருப்பதால், கார் முன்புறமாக உள்ளே நுழையும்போது வலக்கதவு திறக்க இடம் வேண்டும். இடச்சுவரில் 30 செ.மீ. பலகையும் அதற்கும் காருக்கும் இடையே 10 செ.மீ. இடைவெளியும் விட்டால், வலப்புறம் சுமார் 90 செ.மீ. எஞ்சும். இடப்புறம் அமர்ந்து வருவோர் ஷெட்டுக்கு வெளியே இறங்கிக்கொள்ள வேண்டும்.

பின்சுவரில் 60 செ.மீ. அகலப் பலகை அமைத்தால், நீளவாக்கில் 1.1 மீட்டர் மிஞ்சும். இரு பலகைகளும் ‘ட’ வடிவில் இணையும் மூலையில், வளைவுக்காக ஒரு முக்கோணத் துண்டைச் சேர்க்க வேண்டும். பலகை தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால் பார்வைக்கு வசதியாகும். கார் பலகையில் மோதாமல் இருக்கத் தரையில் டயர் தடுப்புக் கட்டை பதிக்கப்படுகிறது. கதவுகளைத் திறந்து வைத்தே காரை அளந்து, பலகையின் எல்லையைச் சாக்பீஸால் தரையில் வரைந்து, சில நாள் காரை நிறுத்திப் பார்த்த பிறகே மரவேலை தொடங்குவது நல்லது.

பிற முறைகள்

மடக்குப் பலகை: வலச்சுவரில் கீல் பொருத்திய பலகையைக் கார் வெளியே சென்றதும் விரித்துப் பாதையைச் சுற்றுவட்டமாக இணைக்கலாம்.

தூக்குப் பலகை: முழு அமைப்பையும் கப்பி, கயிறு கொண்டு கூரைக்கு உயர்த்தலாம். 2.4 மீட்டர் உயர ஷெட்டில் காருக்கு மேல் 80 செ.மீ. கிடைக்கும். உயர்த்தியபின் கயிற்றை மட்டும் நம்பாமல் இரும்புக் கொக்கிகளில் மாட்ட வேண்டும்.

துண்டுப் பலகைகள்: தனித்தனியாகச் செய்து, தேவையானபோது சேர்க்கப்படுபவை. என் அளவுக்கான என்டிராக் முறையில் ஒரு துண்டின் வழக்கமான நீளம் 4 அடி.

வெப்பமும் தூசியும்

வலையபட்டி, காரைக்குடி போன்ற செட்டிநாட்டு ஊர்களில் வெயில் கடுமை. தகரக் கூரை உள்ள ஷெட்டில் வெப்பநிலை 25 பாகை ஏறி இறங்கினால், 5 மீட்டர் நிக்கல் வெள்ளித் தண்டவாளம் சுமார் 2 மி.மீ. நீளும். இணைப்புகளில் சிறு இடைவெளி விடாவிட்டால் பாதை நெளிந்து, பெட்டிகள் தடம்புரளும். மழையில் நனைந்த கார் ஈரத்தைக் கொண்டுவருவதால், துருப்பிடிக்கும் எஃகுத் தண்டவாளம் ஏற்றதன்று. பலகைக்கு ஐ.எஸ். 710 தர மரைன் பிளைவுட் ஏற்றது. தூசி படியாமலிருக்க, ஓடாத நேரத்தில் துணியாலோ பிளாஸ்டிக் தாளாலோ மூட வேண்டும்.

பாதுகாப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டித் தங்கும். மாதிரி ரயிலின் மோட்டாரிலும் சக்கரங்களிலும் சிறு தீப்பொறி எழுவதுண்டு. எனவே மின்வழங்கி, சுவிட்சுகள் ஆகியவை உயரத்தில் இருக்க வேண்டும். ஷெட்டில் பெட்ரோல் கேன் வைக்கக் கூடாது. காரை வெளியே நிறுத்தி, கதவைத் திறந்து காற்றோட்டம் வந்த பிறகே ரயிலை இயக்க வேண்டும். மூடிய ஷெட்டில் கார் இன்ஜினை ஓடவிடுவது, கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவால் உயிருக்கே ஆபத்தாகும்.

உள்ளூர்ப் பாதையை உருவமைத்தல்

செட்டிநாடு, காரைக்குடி நிலையங்கள் வழியாகச் செல்லும் திருச்சிராப்பள்ளி – மானாமதுரை பாதை முன்பு மீட்டர் பாதையாக இருந்து, பின்னர் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. அகலப் பாதையின் 1,676 மி.மீ. இடைவெளி எச்ஓ அளவில் 19.3 மி.மீ. ஆக வேண்டும்; கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதையோ 1,435 மி.மீ. உலகத் தரப் பாதையைக் குறிப்பது. பெரும்பாலான இந்திய ஆர்வலர்கள் இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொள்கின்றனர். பழைய மீட்டர் பாதையைக் காட்ட விரும்புவோருக்கு எச்ஓஎம் எனப்படும் 12 மி.மீ. பாதை ஏறத்தாழச் சரியாகப் பொருந்தும். மீட்டர் பாதைப் பெட்டிகள் சிறியவை, ரயில்களும் குறுகியவை என்பதால், பாதி இடம் காருக்குப் போன ஷெட்டுக்கு அதுவே ஏற்றதாகவும் அமைகிறது.