கட்டடம் எழுந்தால் போதுமா?



திருகோணமலை நகரிலிருந்து வடக்கே சுமார் 16 கிலோமீற்றர் சென்றால் நிலாவெளி. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் கரையோர ஊர். மீன்பிடியும் வெங்காயத் தோட்டமும் இங்குள்ளோரின் பிழைப்பு. யுத்தத்தையும் கண்டது, 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல்கோளையும் கண்டது. இத்தகைய ஊரில் ஒரு பாடசாலை வளர்வதென்றால் அது அரசாங்கத்தின் வேலை மட்டுமல்ல. நம் அனைவரின் பொறுப்புமாகும்.

ஐந்தாம் தரம் வரை இருந்த பாடசாலை பதினோராம் தரம் வரை உயர வேண்டும்; பின்னர் உயர்தர வகுப்பும் வேண்டும். மேல்வகுப்பு ஊரில் இல்லையென்றால் ஆண் பிள்ளை பஸ் ஏறி நகரத்துக்குப் போய்விடுவான். பெண் பிள்ளையைத்தான் "படித்தது போதும்" என்று வீட்டில் நிறுத்திவிடுகிறோம். ஆகவே, கிராமத்தில் எழும் ஒவ்வொரு வகுப்பறையும் நம் பெண் மக்களுக்குத் திறக்கும் கதவாகும்.

ஆனால் சுவர் எழும்பிப் பெயர்க்கல் பதித்ததோடு கடமை முடிந்துவிடுமா?

இலங்கையில் படிப்பு இலவசம். பாடநூலும் சீருடைத் துணியும் அரசு தருகிறது. சப்பாத்து, கொப்பி, பஸ் காசு ஆகியவை பெரும்பாலும் பெற்றோர் தலையில். இங்கே இன்னொரு சிரமமும் உண்டு. வாடைக் காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும்; வள்ளம் இறங்காது. உல்லாசப் பயணிகளின் வருகையும் அப்போது குறைந்துவிடும். வீட்டில் கையிருப்பு வற்றும் அந்த நேரத்தில்தான் புதிய கல்வியாண்டும் பிறக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளையும் அப்போதுதான் படிப்பை விட்டு நிற்கிறது.

இதை நம் பெரியோர் அன்றே உணர்ந்தார்கள். 1892இல் கொழும்பு மருதானையில் ஸாஹிராக் கல்லூரி உருவாக அறிஞர் சித்திலெவ்வையும் வாப்பிச்சி மரிக்காரும் உழைத்தார்கள். அரை நூற்றாண்டின் பின், 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அங்கே முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றப் பாடுபட்டார். 1945இல் வறிய மாணவருக்கான கல்விச் சகாய நிதியையும் தோற்றுவித்தார். முன்னவர்கள் கட்டடம் தந்தார்கள். பின்னவர் அதனுள் பிள்ளை நிலைத்திருக்க வழி தந்தார். இரண்டும் வேண்டும்.

மதீனாப் பள்ளிவாசலைக் கட்டும்போது நபி (ஸல்) அவர்கள் தாமே கல் சுமந்தார்கள். அப்பள்ளியின் திண்ணையில் தங்கிக் கல்வி கற்ற ஏழைத் தோழர்களுக்காக அன்ஸாரிகள் பேரீச்சங்குலைகளைக் கொண்டுவந்து தொங்கவிடுவார்கள். சிலர் சொத்தைக் குலைகளைக் கட்டியபோதுதான், மட்டமானதைத் தேடிக் கொடுக்காதீர்கள் என்று எச்சரிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் இறங்கியதாக பராஃ (ரலி) அறிவிக்கிறார்கள். கிழிந்த பையையும் தேய்ந்த செருப்பையும் "பாடசாலைக்கு உதவி" என்று அனுப்புவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஒரு சட்டத்தையும் கவனியுங்கள். ஸகாத் என்பது ஏழைகள் முதலான எட்டுக் கூட்டத்தாரின் உரிமை. அதைக் கொண்டு சுவர் எழுப்பக் கூடாது என்பதே நமது ஷாபிஈ மத்ஹப் உட்படப் பெரும்பாலான இமாம்களின் முடிவு. ஏழை மாணவியின் கையில் அதைக் கொடுங்கள். கட்டடத்துக்கு ஸதகாவும் வக்ஃபும் இருக்கின்றன. கட்டட உதவியைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் மூலம், வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியோடு செய்யுங்கள். கணக்குக் கேளுங்கள், கேட்பது குற்றமல்ல.

"எங்களிடம் ஏது பணம்?" என்கிறீர்களா? அரிசி களையும்போது ஒரு பிடியை வேறு பானையில் போட்டு மத்ரஸாக்களை வளர்த்தவர்கள் நம் உம்மம்மாமார்தாம். அந்தப் பிடியரிசியை இன்று பிடிக் காசாக்குங்கள். ஒரு தெருவில் பத்து வீடுகள் சேர்ந்து ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்கலாம். ஒரு மாதம் கொடுத்து மறு மாதம் மறந்துவிடாமல், அப்பிள்ளை பதினோராம் தரத்தைத் தாண்டும்வரை கொடுங்கள். குறைவானாலும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பது நபிமொழியின் கருத்தல்லவா?

மரணித்த பின்னும் நன்மை தரும் நிலையான தர்மமாக இதை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.