நாக்கின் கீழ் கரையும் குளிசை

அப்பாவுக்கு நெஞ்சு நோ வந்தால் நாக்கின் கீழ் ஒரு சிறிய குளிசை வைப்பார். சில நிமிடங்களில் நோ தணியும். அது நைத்திரோகிளிசரீன். டைனமைட்டில் வெடிப்பதும் அதே பொருள்தான் என்று அறிந்தபோது, வெடிச்சத்தங்களுக்குள் வளர்ந்த எனக்கு நம்ப முடியவில்லை.

குளிசையில் இருப்பது மிகச் சிறிய அளவு, அது வெடிக்காது. உடலுக்குள் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவாக மாறும். எமது இரத்தக்குழாய்களின் உட்புறப் படையான அகவணியும் இதே வாயுவை இயல்பாக உண்டாக்குகிறது. குழாயின் தசையைத் தளர்ந்து விரியச் சொல்லும் செய்தி அது. இதைக் கண்டறிந்த ஃபேர்ச்கொட், இக்னாரோ, முராட் ஆகியோருக்கு 1998 இல் நோபல் பரிசு கிடைத்தது.

புகைத்தல், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியன அகவணியைப் பழுதாக்கும். அப்போது அந்தச் செய்தி குறையும். குழாய் இறுகும், கொழுப்புப் படியும், இரத்தம் இலகுவில் உறையும். நாளாந்த நடை அகவணிக்கு நல்லது.

குளிசை நோவைத் தணிக்கும்; அடைப்பை நீக்காது. ஐந்து நிமிடத்தில் நோ குறையாவிட்டால் காத்திருக்க வேண்டாம். 1990 ஐ அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.