நியூ பாரா

அந்தக் காலத்தில் மாட்டுங்காவில் வந்து இறங்கிய தமிழர் பலருக்கு டைப்பிங் ஹையரும் ஷார்ட்ஹேண்டும்தான் மூலதனம். மேலதிகாரி கடிதம் சொல்லும்போது நடுவில் 'நியூ பாரா' என்பார். ஸ்டெனோ அந்தச் சொல்லைத் தட்டமாட்டார், நெம்புகோலைத் தள்ளுவார். மும்பையின் கோத்ரெஜ் 1955இல் கொண்டுவந்த தட்டச்சுப் பொறியிலும் அந்த ஒரு தள்ளலில் இரண்டு வேலை நடக்கும்: தாள் ஒரு வரி ஏறும், வண்டி வரித் தொடக்கத்துக்குத் திரும்பும். கணினியில் அவை தனித்தனிக் குறிகளாயின. ஆஸ்கி அட்டவணையில் 10, 13. விண்டோஸ் உரைக் கோப்புகளில் வரி முடிவில் வழக்கமாக இரண்டும் இருக்கும். லினக்ஸுக்கு 10 போதும்.

தாராவியில் முறுக்கு போடும் நண்பருக்காக, லேபிள் அச்சடிக்கச் சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதிக் கொடுத்தேன். கட்டளை வரியில் 'கை முறுக்கு\என்200 கிராம்' என்று கொடுத்தால் இரண்டு வரியாக வரும் என்பது என் எண்ணம். (\என் என்றால் பின்சாய்கோடும் ஆங்கில எழுத்து என்னும்.) வந்தது ஒரே வரி, நடுவில் அந்த \என் அப்படியே! மேற்கோள் குறியையும் விட்டிருந்தால், கட்டளையைப் படிக்கும் ஷெல் பின்சாய்கோட்டைத் தின்றுவிட்டு வெறும் 'என்' எழுத்தை அனுப்பியிருக்கும்.

நிரலுக்குள் எழுதும் \என்னை வரிமுறிவாக மாற்றுவது அந்த மொழியின் கம்பைலர் அல்லது இன்டர்பிரெட்டர். அதுதான் ஸ்டெனோ. கட்டளை வரியில் கொடுக்கும் ஆர்கியுமென்ட் வருவதோ நிரல் ஓடத் தொடங்கும்போது. அங்கே ஸ்டெனோ கிடையாது. 'நியூ பாரா' என்ற சொல்லே கடிதத்தில் விழுகிறது.

சரிசெய்கிறேன் என்று பைத்தானின் யூனிகோட் எஸ்கேப் வழியைப் பிடித்தேன். வரி உடைந்தது, முறுக்கும் உடைந்தது. யூடிஎஃப்-8இல் 'ம' ஒன்றே மூன்று பைட். இந்த வழி ஒவ்வொரு பைட்டையும் ஒரு லத்தீன் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

ரீப்ளேஸ் போட்டு \என்னை மட்டும் மாற்றியதில் தீர்ந்தது. முறுக்கு லேபிளுக்கு அது போதும். விண்டோஸ் கோப்புப் பாதைக்கு ஆகாது. அங்கே பின்சாய்கோட்டுக்குப் பின் 'என்' எழுத்தில் தொடங்கும் ஃபோல்டர் பெயர் வந்தால், பாதை நடுவே முறியும்.

பாஷ் என்ற ஷெல்லில் டாலர் குறியோடு ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் ஷெல்லே ஸ்டெனோ வேலையைப் பார்த்துவிடும். எக்கோ கட்டளையை மட்டும் நம்பாதீர்கள்: பாஷில் \என்னை அப்படியே விடும், டாஷ் என்ற இன்னொரு ஷெல்லில் வரியை முறிக்கும். பிரின்ட்எஃப் கட்டளை இரண்டிலும் ஒரே மாதிரி நடக்கும்.