ஒரே கம்பியில் இரு பெட்டிகள்



நோயுற்றோருக்கு நற்கருணை வழங்க அரியமங்கலத்துத் தெருவொன்றுக்குச் சென்றபோது, முதிய கைம்பெண் ஒருவர் என்னிடம் ஒரு வழக்கைக் கொணர்ந்தார். “சாமி, கேபிள்காரர் பழுதான பெட்டியை என் தலையில் கட்டிவிட்டார். படம் உறைந்து உறைந்து நிற்கிறது. படுக்கையில் கிடக்கும் எனக்கு வேறு துணை ஏது?” என்றார். கேபிள் நடத்துபவரும் நம் பங்கினரே. அவரோ, “மூன்று முறை அந்த செட்டாப் பாக்ஸை வரவழைத்து என் அலுவலகத்தில் சோதித்துவிட்டேன், சாமி. படம் கண்ணாடிபோல் தெரிகிறது” என்றார். என் மனம் அத்தாயின் பக்கமே சாய்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய முறை ஒளிபரப்பில் சமிக்ஞை வலுக்குறைந்தால் திரையில் புள்ளிகள் தோன்றும். மேலும் குறைந்தால் புள்ளிகள் மிகும். 2011-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் வழியே கேபிளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட டிஜிட்டல் முறை அத்தகையதன்று. ஓரெல்லைவரை பழுதற்ற படம். அதற்குக் கீழே இறங்கினால் சதுரம் சதுரமாகச் சிதறி உறைந்துவிடும். ஆகவே வலுமிக்க சமிக்ஞையில் நல்ல பெட்டியும் நலிந்த பெட்டியும் ஒன்றுபோலவே தோன்றும். அலுவலகச் சோதனையில் பொய்யில்லை. எனினும் அது நியாயமான சோதனையுமன்று. ஆய்வுக்கூடங்களில் சமிக்ஞையைப் படிப்படியாகக் குறைத்து, எவ்விடத்தில் படம் முறிகிறதென அளப்பதன் காரணம் இதுவே.

பெட்டியிலுள்ள இந்தியத் தர முத்திரையைக் காட்டி வாதிடுவோரும் உண்டு. 2012-ஆம் ஆண்டு ஆணையால் கட்டாயப் பதிவுக்குள் கொண்டுவரப்பட்ட பொருள்களில் இப்பெட்டியும் ஒன்று. ஆனால் அப்பதிவு மின்தாக்கு, தீ முதலிய ஆபத்துகளினின்று பாதுகாப்பைக் குறித்தது. படத்தின் தெளிவுக்கு உறுதிமொழியன்று. முதற்சோதனைக்கு மாதிரியைத் தருபவர் உற்பத்தியாளரே. ஆதலால் பின்னர்க் கடைவீதியிலிருந்தும் மாதிரிகளை எடுத்து ஆய்கிறார்கள். வியாபாரி பொறுக்கித் தந்த மாங்கனியைச் சுவைத்துக் கூடை முழுவதையும் மதிப்பிடலாகாதன்றோ!

நம் தெருவுக்கு வருவோம். அலுவலகத்தில் நன்கு ஓடும் மற்றொரு பெட்டியை அவ்வீட்டுக்குக் கொணருமாறு கேபிள்காரரை வேண்டினேன். ஒரே கம்பி, ஒரே தொலைக்காட்சி, ஒரே அலைவரிசை. அரைமணிக்கொன்றாக மாற்றி மாற்றி இணைத்தோம். எது எந்தப் பெட்டி என்று அத்தாய்க்குச் சொல்லவில்லை. இரண்டும் உறைந்தன.

கம்பியைத் தொடர்ந்து சென்று பார்த்தோம். தெருக்கோடியிலிருந்த அவ்வீட்டை அடையுமுன் இரண்டு ஸ்பிளிட்டர்கள் சமிக்ஞையைப் பங்கிட்டிருந்தன. இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒவ்வொன்றும் சமிக்ஞையைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிடும். போதாக்குறைக்கு, ஒன்றின் இணைப்பில் மழைநீர் புகுந்து துருவேறியிருந்தது.

விசாரியாமலே உள்ளத்தில் தீர்ப்பிட்டுவிட்டமைக்காக அவரிடம் மன்னிப்பு வேண்டினேன். அவரோ அத்தாயின் கட்டிலருகே நின்று, “ஒருமுறையேனும் நான் நேரில் வந்து பார்த்திருக்க வேண்டும், அம்மா” என்றார். மறுநாளே புதிய கம்பி இழுக்கப்பட்டது, பெட்டி பழையதே.

இன்று அவருடைய அலுவலக மேசையில் நீண்ட கம்பிச்சுருளொன்றும் இரண்டு ஸ்பிளிட்டர்களும் இருக்கின்றன. பழுதென்று திரும்பிவரும் பெட்டிகளை அவற்றின் வழியாகவே இணைத்துச் சோதிக்கிறார்.